படையலில் ஒரு சிவப்புப் பாட்டில்

— அத எல மேல வைக்காத, மதி. எடு.

— ஏன் அண்ணி? அண்ணனுக்குப் புடிச்சதெல்லாம் வெச்சுப் படைக்கணும்னு அம்மாதான் சொல்லுச்சு. களி, கீரைக் கடையலு, வறுத்த நெலக்கடல எல்லாம் வெச்சாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி.

— வருச தெவசத்துக்கு எனர்ஜி டிரிங்க் வெச்சுப் படைக்கற வூடு நம்ம வூடாத்தான் இருக்கும்.

— எங்க மாமனுக்குப் பீடிக்கட்டே வெச்சோம். யாரும் கோச்சுக்கல. டெம்போவுல ஸ்டேரிங் பக்கத்துல இந்தச் செவப்பு பாட்டில் இல்லாம அண்ணன நீங்க பாத்திருக்கீங்களா?

— பாத்திருக்கறன். கல்யாணமான புதுசுல அந்த எடத்துல தண்ணி பாட்டில்தான் இருந்துச்சு. பாலக்கோட்டுல தக்காளி ஏத்திக்கிட்டு என்னையும் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போவாரு. ஒரு பழத்த எடுத்துச் சட்டையில தொடச்சு, உப்புத் தொட்டு நீட்டுவாரு. ஓசூர் தாண்டற வரைக்கும் பாட்டுதான். அதுவும் தப்புத் தப்பா.

— எல்லாப் பாட்டையும் ஒரே ராகத்துல பாடும்.

— அந்த ராகமும் அவரோட சொந்த ராகம்.

— மார்க்கெட்டுல கன்னடக்காரங்க ‘பேகா பேகா’ன்னு, சீக்கிரம் சீக்கிரம்னு வெரட்டுவாங்க. அண்ணன் அசராது. ‘வர்றன் குரு, பேகா வர்றன்’னு சொல்லிட்டு மெதுவாத்தான் எறங்கும். அவங்களே சிரிச்சுருவாங்க.

— அதெல்லாம் நாளைக்கு ஒரு நடை ஓட்டுன காலம். சீசன்ல ரெண்டு நடை ஓட்ட ஆரம்பிச்சப்பறம் தண்ணி பாட்டில் போயி இது வந்து உக்காந்துக்கிச்சு. மொதல்ல போறப்ப மட்டும். அப்பறம் திரும்பறப்பவும். அப்பறம் வூட்ல இருக்கற அன்னிக்குக்கூட.

— ஊர்ல எத்தனை டிரைவருங்க குடிக்கறாங்க. எல்லாருமா செத்துட்டாங்க?

— இது ஒண்ணாலதான்னு டாக்டரும் சொல்லல. அவரக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனப்ப, நெஞ்சு தாறுமாறா அடிக்குது, பிரஷர் ஏறிக் கெடக்கு, நேரத்துக்குச் சோறில்ல, கண்ண மூடறதில்ல, அதுக்கு மேல தெனமும் இது வேறயான்னு கேட்டாரு. ‘ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெச்சிருக்கீங்களே தர்மன்’னாரு. உங்கண்ணன் சிரிச்சுக்கிட்டே, ‘தக்காளிப் பெட்டி அடுக்கறவன்தானுங்க’ன்னாரு.

— அண்ணன் அப்படித்தான் சொல்லும்.

— வெளிய வந்து, மருந்துக் கடைக்குப் பக்கத்துக் கடையிலயே ஒரு பாட்டில் வாங்குனாரு. என்னங்கன்னு கேட்டா, ‘டானிக்கு மாதிரிதான் கோகிலா, தெம்பு’ங்கறாரு.

— பாட்டில் மேல அப்படித்தான போட்டிருக்கு?

— காப்பியில இருக்கற சரக்குதான் இதுலயும். கூடவே ஒரு கை சக்கரை. களைப்ப வெளிய காட்ட வுடாது, அவ்வளவுதான். களைப்பு எங்கயும் போவாது, உள்ளயே உக்காந்திருக்கும்.

— இன்னிக்குமா பாடம் எடுக்கணும்?

— சரி, எடுக்கல. இத எலையில வெச்சா, படைச்சப்பறம் யாரு குடிப்பா?

— அதுக்கென்ன இப்ப?

— படைச்சத வீணாக்கக் கூடாதுன்னு அத்தை சொல்லுவாங்க. கைய நீட்டப் போறது நீதான்.

— ஒரு பாட்டில்தான அண்ணி.

— வண்டி உங்கிட்ட வந்ததுல இருந்து தெனமும் அதத்தான் சொல்ற. இப்பக் கற்பூரத் தட்ட எடுத்து வெச்சப்ப உன் கை நடுங்குச்சு.

— காலைல இருந்து சாப்பிடலீங்க. அதான்.

— நானுந்தான் சாப்பிடல. என் கை நடுங்குதா பாரு. மணிக்கட்டக் குடு இப்பிடி. குடுங்கறன்ல. உக்காந்த எடத்துல இருக்க, ஓடி வந்தவனாட்டம் அடிக்குது.

— வுடுங்க.

— எத்தனை நாளா இப்படி?

— தெரியல. நடுவுல ஒரு அடி வுட்டு அடிக்குது. வண்டிய ஓரங்கட்டிட்டு உக்காந்திருக்கறன். பயமாத்தான் இருக்கு.

— அப்பறமும் ஏண்டா குடிக்கற?

— நீங்க திட்டுவீங்க.

— திட்டல. சொல்லு.

— மூடியத் தெறந்தா ஒரு வாசன வரும் பாருங்க. அண்ணன் பக்கத்து சீட்ல இருக்கற மாதிரியே இருக்கும். தூக்கி எறிஞ்சுரலாம்னு எத்தனையோ தரம் நெனச்சன். எறிஞ்சா அண்ணனையும் சேத்து எறியற மாதிரி இருக்கு. அதுக்குப் புடிச்சத நானும் குடிக்கறன். எனக்கு இந்த இனிப்பே ஆவாது அண்ணி.

— ஐயோ மதி. அவருக்கும் ஆவாது.

— என்ன சொல்றீங்க?

— உங்க முன்னாடிதான் அந்த ஸ்டைலெல்லாம். நான் மட்டும் வண்டியில இருந்தா மூக்கப் புடிச்சுக்கிட்டு ஒரே மடக்குல முழுங்குவாரு. வேப்பங்கொழுந்து அரைச்சுக் குடுத்த மாதிரி மூஞ்சி போவும். முழுங்கிட்டு, ‘த்தூ, எவன் கண்டுபுடிச்சான்’ம்பாரு.

— நெசமாவா?

— எல முன்னாடி உக்காந்துக்கிட்டுப் பொய் சொல்லுவனா?

— அப்ப இத்தனை நாளா நான்... அண்ணனுக்கு என்னதான் புடிக்கும் அண்ணி?

— என்னப் பொண்ணு பாக்க வந்தீங்களே, நெனவிருக்கா? நான் காப்பி எடுத்துட்டு வரதுக்குள்ள செவுத்துல சாஞ்சு தூங்கிட்டாரு. நீ தொடையில கிள்ளிக் கிள்ளி எழுப்புன. எங்கப்பா, ‘வுடுப்பா, பாவம்’னாரு. வாயத் தெறந்துக்கிட்டு, கொழந்த மாதிரி. அந்த மொகத்தப் பாத்துட்டுத்தான் நான் சரின்னன். ரெண்டு நடை ஓட்ட ஆரம்பிச்சப்பறம் அந்த மொகத்த நான் பாக்கவே இல்ல.

— அண்ணி, அழாதீங்க. பாட்டில எடுத்துட்டன் பாருங்க. அந்த எடத்துல வேற என்ன வைக்க?

— உள்ள போயி, அவரு தலகாணிய எடுத்துட்டு வா.