கட்டைவிரலுக்கு நாலு நிமிஷம்

முனியம்மா: இன்னா சார், இதுவும் செல்லாதா?

ஷ்யாம்சுந்தர்: செல்லாதுக்கா. நடுவுல இருமிட்டீங்க.

முனியம்மா: இருமல் வந்தா இன்னா பண்றது... முழுங்கவா?

ஷ்யாம்சுந்தர்: இருமினதுல ரெண்டு செகண்ட் போச்சு. அது தையலோட நேரம் இல்ல. நடுவுல தடை வந்தா அந்த ரீடிங்கை அடிச்சுடணும். ஷீட்டுல போட்டிருக்கு. சாம்பசிவன் சாரே கீழ கையெழுத்துப் போட்டிருக்கார்.

முனியம்மா: மொதலாளி எதுலதான் கையெழுத்து போடல. நேத்து ஃபேன் காத்துல நூலு பறந்துச்சுன்னு அடிச்சே. முந்தாநாள் ஏரோப்ளேன் போச்சு, நான் தலைய தூக்கிப் பாத்துட்டேன்னு அடிச்சே. பம்மல்ல குந்திகினு ஏரோப்ளேன் வரக்கூடாதுன்னா எப்டி சார்? ஒரு தோல் கிளவுசுக்குக் கட்டைவிரல் வெச்சுத் தைக்கறதுக்குப் பதினோரு நாளா இம்மா பேஜாரு...

ஷ்யாம்சுந்தர்: எனக்கு மட்டும் ஆசையா? தோலை எடுக்கணும், விளிம்பு சேர்க்கணும், தைக்கணும், நூலை வெட்டணும். நாலே வேலை. ஒவ்வொண்ணுக்கும் எத்தனை செகண்டுன்னு எழுதி, வீண் அசைவை எடுத்துட்டா முடிஞ்சுது. நூறு வருஷப் பழைய முறைக்கா இது. நூல் கட்டையை இடது பக்கம் வைங்கன்னு முதல் நாளே சொன்னேன்...

முனியம்மா: வெச்சுகினுதான் கீறேன். கை அதுவா வலது பக்கம் போவுது.

ஷ்யாம்சுந்தர்: போய்த் தேடிட்டுத் திரும்பி வருது. அதுக்கு நாலு செகண்ட்.

முனியம்மா: கழுத்துல தாலி மாரி கடிகாரத்தக் கட்டிகினு நாலு செகண்டுக்கு அழுவறியே சார். உன்னக் கட்டிக்கினவ பாவம்.

ஷ்யாம்சுந்தர்: அவ பாவம்தான். அதை விடுங்க. முதல் நாள் நாலு நிமிஷம் பத்து. இன்னிக்கும் நாலு நிமிஷம் பத்து. எப்படிக்கா?

முனியம்மா: ஒரே மாரி வந்தா நல்லதுதானே.

ஷ்யாம்சுந்தர்: மனுஷங்களுக்கு ஒரே மாதிரி வராது. கடிகாரத்துக்குத்தான் வரும்.

முனியம்மா: அப்ப நான் கடிகாரம்னு எழுதிக்கோ.

ஷ்யாம்சுந்தர்: விளையாடாதீங்க. அஞ்சு மணிக்கு சாம்பசிவன் சார் தானே வந்து பக்கத்துல நிக்கப் போறார். ஒரே ஒரு ரீடிங், அதோட ரிப்போர்ட்டை முடின்னுட்டார். அஞ்சரைக்கு ராணிப்பேட்டை கிளம்பறார், தோல் வாங்க. வியாழக்கிழமைதான் வருவார். அதனால இன்னிக்கே வேணுமாம்.

முனியம்மா: அவரே வர்றாரா... அவரு இன்னாத்துக்கு சார்?

ஷ்யாம்சுந்தர்: உங்க நாலு பத்தை அவர் நம்பல. பதினெட்டு வருஷமா உங்க கையைப் பாத்தவர். இங்க வேகமான கை உங்களோடது. உங்க நேரம்தான் மத்த பதினோரு பேருக்கும் நேரம். அதைத் தொடாதவங்க திங்கக்கிழமையிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிட்டார்.

முனியம்மா: நாலு பத்துன்னா எல்லாரும் தொட்ருவாங்க. அப்டியே எழுதிக் குட்த்துடேன்.

ஷ்யாம்சுந்தர்: அவர் முன்னாடி நாலு பத்துல தைச்சா, கிழவியாயிட்டீங்கன்னு உங்களையே அனுப்பிடுவார். நிஜத்தைச் சொல்லுங்கக்கா. உங்களுக்கு எவ்வளவு ஆகும்?

முனியம்மா: முன்ன மாரி இல்ல சார். கண்ணு வேற...

ஷ்யாம்சுந்தர்: ரெண்டு நிமிஷம் இருபது செகண்ட்.

முனியம்மா: இன்னா சார், கனா கண்டியா?

ஷ்யாம்சுந்தர்: சொல்லட்டுமா எப்படித் தெரியும்னு?

முனியம்மா: எவ சொன்னா?

ஷ்யாம்சுந்தர்: யாரும் சொல்லல. நான் வந்த முதல் நாள், எல்லாரும் டிபன் பாக்ஸோட வெளிய போனப்போ, நீங்க உங்க பக்கத்துல தைக்கற ரோஹிணியோட மிஷின்ல உக்காந்தீங்க. நான் ஸ்டோர் கதவுகிட்ட நின்னுட்டிருந்தேன். பத்து கட்டைவிரல் தைச்சீங்க. ஒண்ணுகூட ரெண்டு இருபதைத் தாண்டல. கடைசியில மூணு தையல் திருப்பிப் போடற பழக்கம் உங்களுக்கு மட்டும்தான். அன்னிலேர்ந்து தினமும் ரோஹிணி கூடையில அந்த மூணு தையல் இருக்கு.

முனியம்மா: மெல்ல பேசு சார்... அவ காதுல வுழப்போவுது.

ஷ்யாம்சுந்தர்: அவ கைக்கு என்ன?

முனியம்மா: தாம்பரத்துல ஷேர் ஆட்டோலேர்ந்து வுழுந்துட்டா. மணிக்கட்டு எலும்புல கீறல். கட்டு வெளிய தெரியாம மேல முழுக்கை சட்ட மாட்டிகினு வர்றா. அவ வூட்ல சம்பாரிக்கறது அவ ஒர்த்திதான் சார். திங்கக்கிழமை கட்டு பிரிக்கறாங்க. மூணு நாள் பழகிக்கினா என்னயே முந்திருவா. இன்னிக்கு நான் வேகமா தைச்சா அவ போனா. மெதுவா தைச்சா நான் போனேன். இப்ப சொல்லு, எந்தக் கைய இடது பக்கம் வெக்கறது?

ஷ்யாம்சுந்தர்: அதுக்கு ஷீட்டுல கட்டம் இல்லக்கா.

முனியம்மா: ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. மொத நாளே உனுக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கே ரெண்டு இருபதுன்னு எழுதிக் குட்த்துட்டு நல்ல பேரு வாங்கியிருக்கலாம். ஃபேனு, ஏரோப்ளேனு, இருமலுன்னு ஒண்ணொண்ணா அடிச்சிகினு, பதினோரு நாளா என்ன ஏன் சார் போட்டு அரைக்கிறே?

ஷ்யாம்சுந்தர்: முறைன்னு ஒண்ணு இருக்குக்கா...

முனியம்மா: முறையக் கொண்டுபோய் ஏரியில போடு. மொதலாளி ஏணிப்படில எறங்கிகினு கீறாரு. சொல்லு.

ஷ்யாம்சுந்தர்: ரிப்போர்ட் குடுக்கற அன்னியோட எனக்கும் இங்க வேலை முடிஞ்சுதுக்கா. புதன்கிழமை ஒரகடத்துல இன்டர்வியூ இருக்கு, அதுவரைக்கும் வேலையில இருக்கறவன்னு சொல்லிக்கணும்... தலையைக் குனிஞ்சுக்கோங்க, பக்கத்துல வந்துட்டார். நிஜ வேகத்துலயே தைங்க, அவர் கண்ணு குளிரட்டும். நூலை வெட்டறதுக்கு முன்னாடி மட்டும், நல்லா சத்தமா ஒரு தடவை இருமிடுங்க.