பத்துக்கு மூண்டு

— பத்துக்கு மூண்டா? லோஜினி மிஸ், எங்கட வீட்டு ஆடு எழுதியிருந்தாலும் நாலு போட்டிருப்பீங்க.

— ஆடெண்டா பாதியைத் திண்டிருக்கும், நிப்றாஸ். எனக்கு வாசிக்கிற வேலை குறைஞ்சிருக்கும்.

— பதினொரு வருஷமா இந்தத் துறைமுகத்தில ஐஸ் ஓடர் எடுக்கிற மனிசன் நான். எந்த வள்ளத்துக்கு எத்தினை கட்டி எண்டு நித்திரையில கேட்டாலும் சொல்லுவன்.

— உங்களுக்குத் தெரியும். அந்த ஏஐ ஏஜன்டுக்குத் தெரியாதே. நீங்கள் எழுதின விளக்கத்தை மட்டும் வாசிச்சுத்தான் அது ஓடர் புரோகிராமைப் பாவிக்க வேணும். விளக்கம் அதுக்கு விளங்குதோ எண்டு பார்த்துப் புள்ளி போடுறதுதான் என்ர வேலை. இருங்கோ, பிளேன்டீ குடியுங்கோ.

— பிளேன்டீ குடிச்சா மூண்டு நாலாகுமா?

— ஆகாது. கேளுங்கோ, வாசிக்கிறன். "ஐஸ் எவ்வளவு: வழமையான அளவு." எது வழமை?

— வழமை எண்டா வழமைதான் மிஸ். கலீலுர் றஹ்மான் காக்காட வள்ளத்துக்குப் பத்துக் கட்டி. அவர்ட மச்சான்ட வள்ளத்துக்கு எட்டு. அவங்க ரெண்டு பேரும் கோபமெண்டா மச்சானுக்கும் பத்து.

— எழுத்தில இல்லை. அடுத்தது. "சந்தேகம் வந்தால் நிப்றாஸிடம் கேட்கவும்."

— அது நல்ல வசனம்தானே.

— ஏஜன்டும் கேட்டதுதான். சோதனை நாளில ஒரு மணித்தியாலத்துக்குள்ள உங்களுக்கு நாற்பத்திமூண்டு மெசேஜ். நீங்கள் ஒண்டுக்குத்தான் பதில் போட்டனீங்கள்.

— நான் என்ன போட்ட?

— "பொறு, சாப்பிடுறன்."

— சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்த. அது என்ன செஞ்ச?

— பொறுத்தது. பின்னேரம் வரைக்கும் பொறுத்தது. நீங்கள் சாப்பிட்டு முடிச்சதாய் எழுத்தில வரேல்லையே.

— அல்லாவே. என்ட மனிசி பஸ்மியா கூட இவ்வளவு பொறுக்க மாட்டா.

— சிரியாதேங்கோ. அதால அடுத்த சோதனையில உங்கட நம்பரை நீக்கிப்போட்டு ஓடவிட்டம். வெள்ளிக்கிழமை விடியப் பதினெட்டு வள்ளத்துக்கும் ஐஸ் ஏத்தச் சொல்லிப்போட்டுது. கொம்பியூட்டர் சொல்லுது எண்டு ஏத்துற ஆக்களும் ஏத்திப்போட்டினம்.

— அண்டைக்கு நான் லீவு மிஸ். கதை மட்டும் காதில விழுந்த.

— வெள்ளிக்கிழமை உங்கட ஆக்கள் கடலுக்குப் போறேல்லை. ஜும்ஆ முடிஞ்சு கலீலுர் றஹ்மான் வந்து பார்த்தால், வள்ளம் நிறையத் தண்ணி. எனக்கு ஃபோன் எடுத்து, "பிள்ளை, மீனைக் குளிப்பாட்டியா விக்கச் சொல்லுறீங்க" எண்டு கேட்டவர்.

— இஞ்ச பாருங்க மிஸ், வெள்ளிக்கிழமை போறல்ல எண்டது கரையில படுக்கிற நாய்க்கும் தெரியும். அதையுமா எழுதணும்?

— நானும் அப்பிடித்தான் நினைச்சன், மறந்துபோனீங்களெண்டு. பிறகு உங்கட பழைய பிரதியைத் திறந்து பார்த்தன். வெள்ளிக்கிழமை இருக்கு. எந்த வள்ளத்துக்கு எத்தினை கட்டி எண்டு அட்டவணை இருக்கு. மச்சான்ர கோபம் கூட இருக்கு. போன மாதம் பன்னிரண்டாந் திகதி எல்லாத்தையும் அழிச்சுப்போட்டீங்கள். ஏன்?

— பதினோராந் திகதி மனேஜர் வந்து தோளில தட்டினவர் மிஸ். "இது நல்லா வேலை செஞ்சா உமக்கு லேசு" எண்டு சொன்னவர். லேசு எண்டா என்னெண்டு எனக்குத் தெரியாதா? குச்சவெளிக் கிளையில இருந்த றிஸ்விக்கும் இப்பிடித்தான் லேசாக்கினாங்க. இப்ப அவன் வேலை போய் வீட்டில கயித்துக்குத் தும்பு திரிக்கான்.

— அதால அழிச்சனீங்கள்.

— ஓம். நான் வேணுமெண்டுதான் அழிச்ச. வல்லாஹி, பயத்தில. பஸ்மியாக்கு ஆறு மாசம். அந்த மெசினுக்குக் கேக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும், அந்த ஆள் நானெண்டு இருந்தாச் சரி எண்டு நினைச்ச. ரிப்போட்டில இதை எழுதிட்டீங்களா?

— பழைய பிரதிக்குப் புள்ளி போடச் சொல்லி என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. இருக்கிற எழுத்துக்கு மூண்டு சரிதான்.

— மூண்டு எண்டா என்ன செய்வாங்க?

— ஆறுக்குக் கீழ எண்டால் ஏஜன்டை இஞ்ச விடமாட்டினம். ஆளை வைச்சே ஓடர் எடுக்கச் சொல்லுவினம்.

— அப்ப மூண்டு நல்லதா மிஸ்? பின்ன ஏன் இவ்வளவு நேரமும் என்னை வாங்கு வாங்கெண்டு வாங்கினீங்க?

— நீங்கள் ஆட்டைக் கொண்டு வந்தனீங்கள், அதுதான். ரெண்டு மணிக்கு முதல் அனுப்ப வேணும், கையெழுத்தை வையுங்கோ.

— வைக்கன். ஆனா மிஸ், பழையதைத் திறந்து பார்த்து, இவ்வளவும் தெரிஞ்சுகொண்டும் ஏன் எனக்காக வாயை மூடுறீங்க? நாளைக்குப் பிடிபட்டா உங்கட வேலையும்தானே போகும்?

— புள்ளி போடுறது எப்பிடியெண்டு ஏஜன்டுக்கு ஒரு விளக்கம் எழுதித் தரச் சொல்லி என்னட்டையும் கேட்டவை, நிப்றாஸ். நான் ஒண்டையும் மறைக்காமல் வடிவாய் எழுதிக் குடுத்தன். அதுக்கு முழுப்புள்ளி. திங்கட்கிழமையில இருந்து இந்தக் கதிரையில ஒருத்தரும் இல்லை.