விழுந்தேன் என்று சொல்லுங்கள்

அவைக்குத் தலைமையேற்று, இந்த அம்மா எப்போது முடிப்பாரோ என்ற கவலையைப் புன்னகையால் மூடிக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! “வலிக்கிறது” என்று நாம் அலறினால் “நல்லது, இன்னொரு தடவை” என்று அருள்பாலிக்கும் மறுவாழ்வுப் பயிற்சி மையத்தின் மாண்புமிகு பயிற்சியாளர்களே! ஊன்றுகோலை ஊன்றி வந்திருக்கும் பெரியோர்களே! ஊன்றுகோலை வீட்டில் ஒளித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் தோளை ஊன்றி வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளையும் வளர்த்து, பிள்ளைகளைவிடப் பிடிவாதமான கணவர்களையும் வளர்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும், உங்களைத் தாங்கி நிற்கும் இந்தத் தரைக்கும் என் வணக்கம்!

இது விழா. விழாதிருப்பதற்கென்றே ஒரு விழா! இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அதாவது, பேசப்போகிறேன் என்று தெரிவித்துவிட்டேன்.

அவர் போக்குவரத்துக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். நடுத்தெருவில் நின்று கையை உயர்த்தினால் பேருந்து நிற்கும், சரக்கு லாரி நிற்கும், மணமகனை ஏற்றி வந்த காரும் நிற்கும்! அப்பேர்ப்பட்ட ஆண்மகனை, வெயிலிலும் மழையிலும் அசையாத அந்த வீரரை, வீழ்த்தியது எது தெரியுமா? குளியலறை வாசலில் கிடந்த கால்மிதி!

சமையலறையில் இருந்தேன். தொம் என்று ஒரு சத்தம். “என்னங்க அது?” என்று குரல் கொடுத்தேன்.

“ஒண்ணுமில்ல, பல்லி விழுந்துச்சு” என்றார்.

அந்தச் சத்தத்துக்கு முதலைதான் விழுந்திருக்க வேண்டும்! யாரம்மா அங்கே சிரிப்பது? உங்கள் வீட்டிலும் பல்லி விழுகிறதா? அப்படியானால் கவனமாகக் கேளுங்கள்.

அன்றிலிருந்து மனிதர் மாறிப்போனார். செய்தித்தாள் சோபாவுக்கு வர வேண்டும், தண்ணீர் சோபாவுக்கு வர வேண்டும். விட்டால் குளியலறையையே பெயர்த்துக்கொண்டு வரச் சொல்லியிருப்பார். கேட்டால், “ஓய்வு பெற்றவன் ஓய்வெடுக்கக் கூடாதா?” என்பார். உட்கார உட்காரக் கால் தளர்ந்தது. கால் தளரத் தளர அச்சம் வளர்ந்தது. அச்சம் வளர வளர இன்னும் அதிகமாக உட்கார்ந்தார். ஒருநாள் பார்க்கிறேன், ஃபிரிட்ஜை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி நிற்கிறார். இத்தனை வருடக் குடித்தனத்தில் என்னை ஒருநாளாவது அப்படிப் பிடித்திருப்பாரா?

இழுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். “எப்ப விழுந்தீங்க?” என்றார் மருத்துவர். “நானா? விழவே இல்லீங்களே!” என்றார் இவர். சட்டையை விலக்கினால் இடுப்பில் கத்திரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல். “இது என்ன?” என்று மருத்துவர் கேட்க, நான் சொன்னேன்: “டாக்டர், அதுதான் பல்லி விழுந்த இடம்.”

நல்ல காலம், எலும்பு முறியவில்லை. எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவதாக அப்போதுதான் வாயைத் திறந்து சொன்னார். அவர் சாப்பிட்டு வந்த பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்த மருத்துவர், எங்களை இந்த மையத்துக்கு அனுப்பினார். இங்கே எங்கள் பிசியோ அம்மா தரையில் நீளமாக ஒரு கோட்டைக் காட்டி, “இதுமேல குதிகாலும் விரலும் ஒட்டுற மாதிரி அடி வெச்சு நடங்கய்யா” என்றார். இவர் முகம் சிவந்துவிட்டது.

“கோட்டுமேல நடக்கச் சொல்லி எத்தனை பேரை நான் பிடிச்சிருக்கேன் தெரியுமா? நான் குடிக்கலம்மா!”

பிசியோ அம்மா அசரவில்லை. “தெரியும்யா. குடிக்காமலே தள்ளாடுறீங்க. அதான் நடக்கச் சொல்றேன்.”

கைதட்டுங்கள், தட்டலாம்! அந்த அம்மையார் அதோடு விட்டாரா? வீட்டுக்கே வந்தார். இருட்டாயிருந்த நடையில் நல்ல விளக்கு போடச் சொன்னார். குளியலறைச் சுவரில் கைப்பிடி வைக்கச் சொன்னார். பிறகு என் கால்மிதியைச் சுட்டிக்காட்டி, “இதை எடுத்துடுங்க” என்றார். பழைய துணிகளைக் கிழித்து நானே பின்னியது! “எவ்வளவு பாடுபட்டுப் பின்னினேன் தெரியுமா?” என்று வாதாடினேன். “அதுமேல கால் வெச்சு ஒருத்தர் பட்ட பாட்டைப் பார்த்தீங்களே” என்றார். சபையோரே, நான் தோற்றேன். கால்மிதி வெளியேறியது.

அடுத்து வந்ததுதான் எங்களை அதிர வைத்தது. தரையில் பாயை விரித்துப் படுக்கச் சொன்னார். விழுந்தால் எப்படி எழுவது என்று கற்றுக்கொடுக்கப் போகிறாராம்! “விழாம இருக்கத்தானேம்மா வந்தேன்?” என்றார் இவர். “ரெண்டும் தெரியணும்யா.”

வீட்டில் இதைப் பயிற்சி செய்யும்போதுதானா என் அண்ணன் வர வேண்டும்? அண்ணன் தையற்காரர். அண்ணி போனபிறகு கடைக்கு மேலேயே தனியாகக் குடியிருக்கிறார். முதுகு இன்னும் அளவுகோல் போல நிமிர்ந்திருப்பதில் அவருக்குப் பெருமை. தரையில் முட்டி போட்டிருந்தவரைப் பார்த்தார். “அடடே! மாப்ள குப்புற விழுந்து தவழுறார்! யாராவது ஃபோட்டோ எடுங்கப்பா!” என்றார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டார். மச்சான் முறை, வேறென்ன செய்வது?

சில நாள் கழித்து அதே அண்ணன், தைத்த திரைச்சீலையை மாட்டித் தர வந்தார். ஏணி எடுத்து வருகிறேன் என்றான் என் மகன். “எனக்கு எதுக்குடா ஏணி?” என்று ஏறினார். எதன்மேல்? சுழல் நாற்காலியின்மேல்! நாற்காலி சுழன்றது. அண்ணன் சுழன்றார். திரைச்சீலை ஜன்னலில் விழவில்லை, அண்ணன்மேல் விழுந்தது.

“ஐயோ!” என்று நான் தலைமாட்டுக்கு ஓட, மகன் ஒரு கையை இழுக்க, மருமகள் மறுகையை இழுக்க...

“நில்லு!”

கையை உயர்த்தி நின்றார் என் கணவர்! பல காலத்துக்குப் பிறகு அந்தக் குரல்! நாங்கள் நின்றோம். தெருவில் ஒரு சைக்கிள்கூட நின்றதாகக் கேள்வி.

“யாரும் இழுக்காதீங்க! மச்சான், அசையாதீங்க. தலையில அடிபட்டுச்சா?”

“இல்ல மாப்ள.”

“எங்க வலிக்குது?”

“மானம்தான் வலிக்குது.”

“அதுக்கு எக்ஸ்ரே கிடையாது. இடுப்பு, கால்? மெதுவா அசைச்சுப் பாருங்க. வலிச்சா அப்படியே இருங்க, ஆம்புலன்ஸ் கூப்பிடலாம்.”

வலியில்லை. “இப்ப ஒருக்களிச்சுப் புரளுங்க. கையை ஊனி முட்டி போடுங்க. ஒரு நாற்காலி கொண்டாங்கப்பா. டேய், அதில்ல! நாலு கால் நாற்காலி!” அதைப் பிடித்து, ஒரு காலை முன்னே ஊன்றி, அண்ணன் தானாக எழுந்து உட்கார்ந்தார்.

சிரிக்கத் தயாராக இருந்தோம். ஆனால் அண்ணன் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: “மாப்ள, இது முதல் தடவை இல்ல. போன மாசம் கடையில விழுந்துட்டேன். எழுந்திரிக்க முடியல. வேலைக்கு வர்ற பொண்ணுங்க பார்த்துடக் கூடாதேன்னு, ஊசி தேடுற மாதிரி தரையிலேயே கிடந்தேன். மத்தியானம் வரைக்கும் தேடினேன். அவங்களும் சேர்ந்து தேடினாங்க, மாப்ள.”

என் கணவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நாளைக்கு என்கூட வாங்க மச்சான்” என்றார். இப்போது இருவரும் சேர்ந்துதான் இங்கே வருகிறார்கள். ஒற்றைக் காலில் அதிக நேரம் நிற்பது யார் என்று தினமும் சண்டை. பிசியோ அம்மா நடுவராக இருந்தே களைத்துவிட்டார்!

பெரியோர்களே! கண்ணாடி போட வெட்கப்பட்டோமா? பல் கட்ட வெட்கப்பட்டோமா? விழுந்தேன் என்று சொல்ல மட்டும் ஏன் வெட்கம்? விழுவது குற்றமா? முதுமை குற்றமா? மறைத்த வீழ்ச்சிதான் மறுபடி வீழ்த்தும்! சொன்னால் மருந்து மாறும், சொன்னால் விளக்கு வரும், சொன்னால் தளர்ந்த கால் தேறும்! வீட்டுக்கு வீடு ஒருவர் ஊசி தேடிக்கொண்டு தரையில் கிடக்க வேண்டுமா?

ஆகவே கேட்கிறேன். இந்த ஓராண்டில் விழுந்துவிட்டு வீட்டில் சொல்லாதவர்கள் கை உயர்த்துங்கள். தயங்காதீர்கள். என்ன, ஒருவர்கூடவா இல்லை? ஆ, ஒரு கை! வாழ்க! யாரது, வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது... தலைவரே, நீங்களா! ஐயா, உங்கள் துணைவியார் முதல் வரிசையில்தான் இருக்கிறார். அம்மா, உட்காருங்கள், வீட்டில் போய்க் கேட்டுக்கொள்ளலாம்! இதோ பின்வரிசையில் இன்னொரு கை. அதோ, தூண் பக்கம் மூன்று! தாய்மார்கள் பக்கமும் உயர்கிறதே!

தலைவர் அவர்களே, இன்று இந்த மேடையில் மிகச் சிறந்த உரை உங்கள் கைதான். உயர்ந்த கைகள் அனைத்துக்கும் என் நன்றி. வணக்கம். படியில் கைப்பிடி இருக்கிறது, பிடித்து இறங்குங்கள்!