மறுபக்கம் பிடித்தது யார்?

மனைவி: அது சரி... கொல்லையில இருந்த அந்தப் பெரிய பீங்கான் கரியடுப்பு ஷெட்டுக்குள்ள எப்படிப் போச்சு?

கணவன்: தானா நடந்தா போகும்? நான்தான் எடுத்து வெச்சேன். மழை வர்ற மாதிரி இருந்துச்சு. நீ முதல்ல பையைக் கீழ வை. டீ போடட்டா?

மனைவி: டீ கிடக்கட்டும். தனியாவா தூக்கினீங்க?

கணவன்: தனியாத்தான். வீட்டுல வேற யாரு இருக்கா?

மனைவி: ஷெட்டுல வைங்க, ஷெட்டுல வைங்கன்னு எத்தனை நாளா கரடியா கத்தினேன்? "ரெண்டு ஆள் இல்லாம அத அசைக்க முடியாதுடி, நழுவினா சில்லு சில்லாப் போயிடும்"னு சொன்னது யாரு?

கணவன்: அது... உருட்டிக்கிட்டே போயிட்டேன்.

மனைவி: பீங்கானை உருட்டினீங்களா!

கணவன்: அதாவது... சாக்கு மேல வெச்சு இழுத்தேன்.

மனைவி: மண்ணுல ஒரு கோடு கூட இல்லையே?

கணவன்: பெருக்கிட்டேன்.

மனைவி: நீங்க! பெருக்கினீங்க!

கணவன்: ஏன்டி, வந்ததும் வராததுமா போலீஸ்காரி மாதிரி...

மனைவி: கரி வாசம் இன்னும் அடிக்குதே, நேத்து அதுல என்ன சுட்டீங்க?

கணவன்: ரெண்டு துண்டு மீன். எனக்கு மட்டும்.

மனைவி: ரெண்டு துண்டு மீனுக்கு அம்மாம் பெரிய அடுப்பு! சரி, எப்படி அணைச்சீங்க? தண்ணி ஊத்தியா?

கணவன்: சேச்சே! தண்ணி பட்டா பீங்கான் வெடிச்சிடும். மேல துவாரம், கீழ துவாரம், ரெண்டையும் அடைச்சு விட்டா காத்தில்லாம தானா அணைஞ்சிடும். சூட்டோட மூடியைத் திறக்கவே கூடாது, குப்புன்னு தீ மூஞ்சில அடிக்கும். காலையில ஆறினதும் சாம்பலை வழிச்சுட்டு, மிச்சக் கரியை அடுத்த தடவைக்கு...

மனைவி: அடேங்கப்பா! போன தடவை சொம்பும் கையுமா ஓடினவர் பேசற பேச்சா இது?

கணவன்: கத்துக்கிட்டேன்.

மனைவி: யார்கிட்ட?

கணவன்: எல்லாம் அனுபவம்தான்.

மனைவி: அந்த அடுப்ப நமக்கு வாங்கிக் கொடுத்தவன் இதே பாட்டைத்தான் இதே மாதிரி ஒப்பிப்பான்.

கணவன்: உன் தம்பி பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு சொன்னது நீ. இப்ப எடுக்கறதும் நீ.

மனைவி: ஆமா, சொன்னேன். அப்பா "வந்துட்டானா, வந்துட்டானா"ன்னு கேட்டுக்கிட்டே கண்ணை மூடினாரு. அப்ப வராதவனுக்கு இந்த வீட்டுல என்ன வேலை?

கணவன்: லோடோட லாரி நடுக்காட்டுல நின்னு போச்சு. பறந்தா வருவான்?

மனைவி: வக்காலத்து பலமா இருக்கே! உண்மையைச் சொல்லுங்க. மறுபக்கம் பிடிச்சது யாரு?

கணவன்: பக்கத்து வீட்டு வாத்தியார்.

மனைவி: இடுப்புக்கு பெல்ட் போட்டுக்கிட்டு, கீழ விழுந்த பேனாவைக் கூட எடுக்க மாட்டாரு மனுஷன். அவரா?

கணவன்: அவர் இல்லப்பா... தண்ணி கேன் போடறவர்.

மனைவி: அவரை இப்பதான் தெருவுல பாத்தேன். "எத்தனை தட்டியும் அண்ணன் கதவைத் திறக்கலக்கா, கேனை வெளியவே வெச்சுட்டேன்"ங்கறாரு.

கணவன்: என்னையே நோண்டறியே... நீ சிநேகிதி வீட்டுக்குத்தானே போனே?

மனைவி: ஆமா. அதுக்கென்ன இப்ப?

கணவன்: அவ நேத்து சாயங்காலம் இங்க போன் பண்ணி உன்னைக் கேட்டா.

மனைவி: ...பேச்சை மாத்தாதீங்க.

கணவன்: உன் போனும் அணைஞ்சு கிடந்துச்சு. ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்ல எனக்கு. எங்க இருந்தே?

மனைவி: முதல்ல நான் கேக்கறதுக்குப் பதில். அடுப்பு மேல தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருக்கே, அந்த முடிச்சு நீங்க போட்டதா?

கணவன்: ஆ... ஆமா.

மனைவி: ஷூ லேஸை ஒழுங்காக் கட்டத் தெரியாது உங்களுக்கு! அது லாரிக்காரங்க முடிச்சுங்க. என்ன இழுத்தாலும் அவுழாது, நுனியைப் பிடிச்சுச் சுண்டினா மொத்தமும் கையோட வந்துடும். ஒருத்தன் பழகிக்கறேன் பேர்வழின்னு என் தாவணியை ஜன்னல் கம்பியில கட்டிக் கட்டிக் கிழிச்சான். என்ன, வாயில கொழுக்கட்டையா?

கணவன்: வந்தான். போதுமா? திட்டறதுன்னா என்னைத் திட்டு. அவன் பாவம், வாசல்லயே நின்னான். நான்தான் கையைப் பிடிச்சு உள்ள இழுத்தேன்.

மனைவி: ஒழுங்கா சாப்பிட்டானா?

கணவன்: என்னது?

மனைவி: சாப்பிட்டானான்னு கேட்டேன். இளைச்சிருக்கானா?

கணவன்: தட்டுல பாதி மீன் அப்படியே கிடந்துச்சு. "அக்கா எப்ப வரும் மாமா, எப்ப வரும் மாமா"ன்னு அதே கேள்வி. காலையில நீ பஸ் ஏறிட்டேன்னு போன் பண்ணினே பாரு, முகமே செத்துப் போச்சு. "அக்கா முன்னால நிக்கத் தைரியம் இல்ல மாமா, அது கேட்ட வேலையையாவது செஞ்சுட்டுப் போறேன்"னு அடுப்பைத் தூக்கி வெச்சான், கட்டினான், கிளம்பிட்டான்.

மனைவி: இருடான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீங்க!

கணவன்: நீ விரட்டி விட்டுடுவேன்னுதான்... ஏய், ஏன் அழறே? இரு... அவன் வந்தது உனக்கு முதல்லயே தெரியுமா? எங்கடி போயிருந்தே நேத்து?

மனைவி: அவன் வீட்டுக்குத்தான். பூட்டியிருந்துச்சு. கடைசி பஸ்ஸும் போயிட்டதால ராத்திரி பக்கத்து வீட்டுல படுத்துக்கிட்டேன். அந்தம்மாதான் சொன்னாங்க... "அக்கா உள்ள விடுமான்னு தெரியல, போய் நின்னு பாக்கறேன்னு கிளம்பினாரும்மா"ன்னு.