ஏழாம் நம்பர் மலைச் சிறுத்தை

இல்ல சேர், நல்லாப் பாருங்க. இது சிறுத்தையோட மூஞ்சியா? சிறுத்தை வால ஆட்டுமா? கம்பி வழியா உங்க கைய நக்குதே, இது சிறுத்தையா இருந்தா இந்நேரம் அந்தக் கை... சரி சரி, கோவிச்சுக்காதீங்க. வனஜீவி ஆபீஸ்ல இருந்து இந்தக் குளிர்ல ஏறி வந்திருக்கீங்க, ஏமாத்தந்தான். ஆனா சிறுத்தைக் கூண்ட வச்சது நீங்க. உள்ள கோழியத் தொங்கவிட்டதும் நீங்க. யாருக்குத் தொங்குது அந்தக் கோழின்னு நாய் விசாரிச்சுக்கிட்டா திங்கும்?

கதவக் கொஞ்சம் தூக்கி விடுங்க. நானும் நாயும் பேசாம போயிர்றோம். பொழுது விடிஞ்சிருச்சு சேர். பெரட்டுல பேரு பதிஞ்சு முடிஞ்சா பொம்பளைங்க கூடையோட இந்த வழியாத்தான் ஏறுவாங்க. வந்து பாத்தாங்கன்னா... தொறங்க சேர்.

நாய் ஏன் சட்டை போட்டிருக்கா? அது... அத அப்பறம் சொல்றேன்.

எல்லாத்துக்கும் காரணம் பிரதீபன். ராகலை டவுன்ல கல்யாண வீடியோ எடுப்பானே, அவன். நான் அவன் கடைக்கு முன்னாலதான் த்ரீவீல் நிப்பாட்டுறது. பழைய கேமரா ஒண்ண என் தலையில கட்டிட்டான். "ஐப்பசியில வெளிநாட்டுக்காரங்க கொறைவுண்ண. ஹோட்டன் சமவெளியில கூடாரம் போட்டு ஒக்காந்தா மானு, சிறுத்தை எல்லாம் வரிசையா வந்து நிக்கும்"னான். நானும் எங்க லயத்து வீடு பூராச் சொல்லிட்டு, சூரனையும் ஏத்திக்கிட்டுப் போனேன். சூரன் இந்த நாய்தான். பேரு அப்பிடி. இடி இடிச்சா அடுப்புக்குப் பின்னால போய்ப் படுத்துக்கும்.

அங்க பார்க் கேட்டுல நாய் ஏலாதுன்னுட்டாங்க. உள்ள மான் இருக்கலாம், பன்னி இருக்கலாம், நாய் ஏலாதான்னு கேட்டேன். சிங்களத்துல, ரொம்ப மரியாதையாத்தான் கேட்டேன். கேட்டுக்காரரும் ரொம்ப மரியாதையாத்தான் கைய நீட்டி ரோட்டக் காட்டுனாரு.

திரும்பி எப்பிடி வீட்டுக்குப் போறது? என் மாமனார் அழகுமுத்து வாசல்லயே ஒக்காந்திருப்பாரு. "என்ன மாப்பிள்ள, சிறுத்தைக்கு இன்னைக்கி லீவா?"ன்னு கேப்பாரு. கேக்குற ஆளு சேர்! அதான் சுத்து வழியா வந்து இங்க, நம்ம ஏழாம் நம்பர் மலை உச்சியில, காட்டோரமாக் கூடாரம் போட்டேன். எங்க லயத்துல பருப்பு தாளிக்கிற வாசம் கூடாரத்துக்குள்ள வருது. நான் போன்ல, "இங்க ஒரே பனி வடிவு, கண்ணே தெரியல"ன்னுக்கிட்டு இருக்கேன். வடிவு எம் பொண்சாதி. சண்முகவடிவு. கொழுந்து எடுக்குறா.

பொழுது சாயிற நேரம் தேயிலைக்குள்ள இருந்து சூரன் வந்துச்சு. நான் அமுக்குன அமுக்குல கேமரா லைட்டு பளிச்சுன்னு அடிச்சிருச்சு. பயந்து ஓடுனதுதான்! ராத்திரி பூராக் கத்திக் கூப்புட்டேன், வரல. அப்பறம் படத்தப் பாக்குறேன்... பனியில பாதி ஒடம்பு, ரெண்டு கண்ணு நெருப்பு மாதிரி, மேல புள்ளி புள்ளியா. நானே ஒரு நிமிசம் கூடாரத்துக்குள்ள ஓடிட்டேன் சேர்.

அனுப்பியிருக்கக் கூடாது. ஒத்துக்குறேன். லயத்து வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன், "ஹோட்டன் சமவெளியில் சிறுத்தை. படம்: யோகேஸ்வரன்." கும்புடுற கையா வந்து விழுது. மாமனாரே ஒண்ணு போட்டாரு! அந்தச் சந்தோசம் ஒரு ரொட்டி திங்கிற நேரம் கூட இல்ல. மீனம்மா அக்கா படத்தப் பெருசாக்கிப் பாத்துட்டு, "தம்பி, பின்னால நிக்கிறது நம்ம ஏழாம் நம்பர் கோணச் சவுக்கு மரம்ல?"ன்னு எழுதுனாங்க.

முடிஞ்சிச்சு.

மறுநாள் ஒரு பொம்பளயும் இந்த மலைக்கு ஏறல. நான் நாய் இல்லாம லயத்துக்கு வந்தேன். எல்லாரும் என்னையப் பாத்தாங்க, என் பின்னாலயும் பாத்தாங்க. நான் ஒரு வார்த்த சொல்லல சேர், தலையத்தான் குனிஞ்சேன். சிறுத்தை சூரனத் தூக்கிருச்சுன்னு அவங்களா அழுதாங்க. வடிவு சோறே திங்கல. அப்பறந்தான் தோட்டத்துத் தொர உங்களுக்கு அறிவிச்சாரு. இங்க கொழுந்து முத்திப் போகுது, பொம்பளைங்களக் கொழுந்தே இல்லாத மலைக்கு அனுப்பி, எல்லாருக்கும் அரப்பேருதான், பாதி நாள் சம்பளந்தான் விழுது. வடிவுக்கும்.

சொல்லியிருக்கலாம்தான். நாய்னு சொன்னா, நாய்க்கி ஏது புள்ளின்னு கேப்பாங்கல்ல?

சரி, சட்டைக்கே வர்றேன். வடிவோட தம்பி கட்டார்ல இருந்து ஒரு போர்வை அனுப்புனான். மெத்துன்னு, சிறுத்தைத் தோலு டிசைன். அவ போத்த மாட்டா. பொட்டியத் தொறந்து தடவிப் பாத்துட்டு மூடுவா. காட்டுக் குளிரு நாய்க்கி ஆகாதேன்னு ஒரு மூலைய மட்டுந்தான் வெட்டுனேன். ஒரு மூலை பத்தல. நாலு கால் இருக்குல்ல சேர்! மிச்சத்தக் கூடாரத்துக்கு அடியில விரிச்சேன்.

போர்வையக் காணோம்னதும் என் தங்கச்சி லோஜினி மேலதான் சந்தேகப்பட்டா. தீவாளிக்கு இந்தப் பக்கம் வராதன்னுட்டா. தங்கச்சி அழுகுது. நான் ரெண்டு பேருக்கும் நடுவுல ஒக்காந்து, "போனது போகட்டும், மன்னிச்சு விடு வடிவு"ன்னு... சிரிக்காதீங்க சேர். நீங்க கல்யாணம் கட்டியிருந்தாத் தெரியும்.

தூக்குறீங்களா? நல்லாயிருப்பீங்க! அப்பிடியே புடிச்சுக்குங்க. நான் உள்ள போய்ச் சட்டையக் கழட்டி, வெறும் நாயாக் கூட்டியாந்துர்றேன். வாடா சூரா... பட்டன் வயித்துக்கடியில... எவன்டா இப்பிடித் தச்சான், நாந்தானே தச்சேன்... டேய்! டேய்! புடிங்க சேர்! கால் இடுக்குல போகுது! ஐயோ, கதவ ஏன் விட்டீங்க?

கீழதான் ஓடுது. அந்தா, கூடையப் போட்டுட்டு ஓடுறாங்க பாருங்க. மீனம்மா அக்கா இந்த வயசுல என்னா ஓட்டம்! கதவத் தூக்குங்க சேர், நான் போய்ப் புடிக்கணும்.

ஒருத்தி மட்டும் ஓடல... நிக்கிறா. சூரன் அவ மேல தாவுது. கட்டிப் புடிச்சு அழுகுறா... வடிவுதான்.

அழுகைய நிப்பாட்டிட்டா.

சட்டையத் தடவிப் பாக்குறா சேர். ஓரத்தத் திருப்பிப் பாக்குறா. இப்ப மேல பாக்குறா... ஏறுறா, சேர், குறுக்கால ஏறுறா!

வேணாம், வேணாம், கதவத் தூக்காதீங்க. பூட்டு இருக்கா? போடுங்க. அட எங்க சேர் போறீங்க, பூட்டிட்டுப் போங்க!