றிஸ்கானுக்கு ஒரு சுவெட்டர்

— ஆடாம நில்லுங்க. ஊசி குத்தினா பிறகு என்னச் சொல்லப்படாது.

— உம்மு, மருதமுனை வெயிலுக்குள்ள கட்டின புருசன நிக்க வெச்சுக் கம்பளிச் சட்ட போட்டு விடுற ஒரே ஆள் நீதான் புள்ள. ஃபேனையாவது கூட்டி விடு.

— ஃபேன் கூட்டினா நூல் பறக்கும். என்ட தம்பி றிஸ்கான் லண்டன்ல குளிருக்குள்ள கிடக்கான், உங்களுக்குக் கொஞ்சம் வேர்த்தா என்ன? அங்க போய்ப் பருத்திட்டான், இப்ப உங்கட அளவுதான்.

— அது சரி. ஆராச்சும் சட்டையக் கழுத்துலருந்து தொடங்குவாங்களா?

— இது மேலருந்து கீழ இறங்குற பின்னல். முதல்ல கழுத்து. பிறகு தோள் நாலு பக்கமும் சரிவா விரியும். அப்பிடியே உடம்பு. இடையில போட்டுப் பாத்து அளவு திருத்தலாம். யூடியூப்புல ஒரு மனிசி நல்லா விளங்கப்படுத்தினா.

— அதென்ன மேலெல்லாம் முட்டு முட்டா? என்ட தறியில நெய்யிற உடுக்கிற சாரம் இப்பிடி வந்தா முதலாளி பிழைத்துணியெண்டு ஒதுக்கிப் போட்டிருவார்.

— நெல்லுமணி டிசைன் அது. ஒரு கண்ணு உள்ள, ஒரு கண்ணு வெளிய, மாத்தி மாத்திப் போடணும். சாரத்தப் போல மொழுமொழுண்டு இருந்தா குளிருக்கு என்னத்துக்கு?

— கழுத்த இன்னும் ரெண்டு விரல் உசத்து. அங்க காத்து கழுத்துக்குள்ளாலதான் உள்ள பூருமாம்.

— எங்க?

— லண்டன்ல.

— ஆரு சொன்ன?

— பொதுவாச் சொல்றாங்க.

— சரி, உசத்துறன்.

— நீளத்தையும் கூட்டு. குளிர் மைனஸ் பதினஞ்செல்லாம் போகும்.

— லண்டன்ல அவ்வளவு போகாதெண்டு தம்பி சொன்னான்.

— அவன் வெளிய இறங்குறல்ல போல.

— இரிக்கும்.

— உம்மு.

— ம்.

— ஒண்டு சொல்லணும். கோவிக்கப்படாது.

— திரும்புங்க, முதுகு பாக்கணும்.

— முதுகக் காட்டிட்டு எப்பிடிப் புள்ள சொல்ற?

— அப்பிடித்தான் லேசு. சொல்லுங்க.

— போலந்துக்கு விசா வந்திட்டு. அப்பிள் பொதி பண்ற வேல. ரெண்டு வருசம். மூத்த மகளுக்கு ஒரு வீடு கட்டிக் குடுக்காம எப்பிடி மாப்பிள்ள எடுக்கிற? நான் ஒருத்தன் தறியில நெய்து வீடு எழும்புமா?

— தெரியும்.

— வீடு எழும்பாதெண்டா?

— நீங்க குளிர் நாட்டுக்குப் போறது.

— ஆரு சொன்ன?

— பிரிட்ஜ் சொன்ன. ஐஸ் தட்டுக்குள்ள கைய வெச்சிட்டு மணிக்கூட்டப் பாத்துக்கிட்டு நிண்டீங்களே, மீனையா தேடின?

— குளிரப் பழகிப் பாத்தன்.

— எவ்வளவு நேரம் தாங்கின?

— தாங்கியிருப்பன். மாமி வந்திட்டா.

— என்ட உம்மா பயந்து போய் என்னட்ட ஓடி வந்தா. மருமகனுக்கு என்னமோ புடிச்சிட்டு, ஓதிப் பாக்கணுமெண்டா.

— அப்ப இது றிஸ்கானுக்கு இல்லையா?

— அவன் அங்க கடையில வாங்கிப் போடுறான். அவனுக்கு நான் பின்னவும் வேணுமா?

— அல்லாஹ்வே. உனக்குக் கோவமில்லையா?

— போறதுக்குக் கோவமில்ல, மகளுக்குத்தானே போறீங்க. என்ன விட்டுட்டுப் போறத என்னட்டயே ஒளிச்சீங்களே, அதுதான் நெஞ்சுக்குள்ள நோவுது. இண்டைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார் எண்டு, கைக்குரிய கண்ணுகளப் பின்னாம வேற நூல்ல கோத்து வெச்சிட்டுக் காத்துக்கிட்டு இருந்தன்.

— அதானா இன்னும் கை இல்லாம இருக்கு?

— ஓம். இப்ப சொல்லிட்டீங்கதானே. வலது கைய நீட்டுங்க, அளப்பம்.

— இந்தா.

— ம். போதும், கழட்டுங்க.

— இடது கைய அளக்கல்லையே?

— அத இப்ப பின்னமாட்டன்.

— என்ன புள்ள கதைக்கிறாய்? ஒரு கையோட அந்தக் குளிருக்குள்ள நான் எப்பிடி இருக்கிற?

— குளிர்ந்தா வீட்டுக்கு வாங்க. மத்தக் கைய அப்ப பின்னித் தாறன்.