பச்சிலைக் கறை படிந்த படங்கள்

அவைத் தலைவர் அவர்களே, மருத்துவப் பெருமக்களே, ஐயாவுக்கு அஞ்சலி செலுத்த வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸிலேயே இறங்கி வந்திருக்கும் உறவுகளே, வணக்கம். நான் செந்தமிழ்ச்செல்வி. மருத்துவர் அரங்கநாதன் ஐயாவிடம் பதினோரு ஆண்டுகள் கண் பரிசோதகராக இருந்தவள்.

கண்ணைப் படமெடுத்ததும் கருவிழிப் புண்ணை ஆரம்பத்திலேயே சொல்லும் செயலிக்கு யார் கற்றுக்கொடுத்தார்? எங்கள் ஐயா! பன்னிரண்டாயிரம் படங்களைப் பார்த்து, புண் உண்டு, இல்லை என்று குறித்துக் கொடுத்தார். ஐயாவின் கண் இனி அந்தச் செயலியில் வாழும் என்று எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். உண்மைதான். ஐயா பார்க்காமல் விட்டதும் அதிலேயே வாழ்கிறது.

சாமை அடிக்கையில் கண்ணில் உமி பட்டால் மலையில் பச்சிலைச் சாறு பிழிவார்கள். அந்தக் கறை படிந்த தொள்ளாயிரம் படங்களை, தெளிவில்லை என்று ஐயா ஒதுக்கிவிட்டார். செயலி அப்படிப்பட்ட கண்ணைப் பார்த்ததே இல்லை. போன தை மாதம் வெள்ளிமலை முகாமுக்குப் பச்சிலைக் கறையோடு வந்த மாரி அண்ணன் கண்ணைப் படமெடுத்தேன். புண் இல்லை என்றது. நானும் நம்பி அனுப்பிவிட்டேன். பதினைந்தாம் நாள் வெள்ளை விழுந்த கண்ணோடு வந்தார்.

“இன்னா மேடம், மிஷினு ஒண்ணும் இல்லன்னுச்சே! நானும் நம்பிக்கினு போனனே!”

ஐயா அன்று சாப்பிடவில்லை. “தப்பு என்னோடது. எல்லாருக்கும் சொல்லி நிறுத்திடலாம் செல்வி,” என்றார். நான் விட்டேனா? “எல்லா முகாமுக்கும் குடுத்தாச்சுங்க ஐயா. இப்ப சொன்னா நம்மளத்தான் நிறுத்துவாங்க. திருத்திட்டு சொல்லலாம்,” என்று வாயை அடைத்தேன். பாவி நான்! ஒதுக்கிய படங்களை மறுபடி எடுத்துக் குறிக்க உட்கார்ந்தவர், நானூறு முடிந்த நிலையில் உட்கார்ந்த நாற்காலியிலேயே சாய்ந்து உயிரை விட்டார்.

சொன்னால் ஐயா பெயர் கெடும், என் வேலையும் போகும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை வெள்ளிமலை முகாமில் இன்னொரு கண் போகும். எந்தப் பக்கம் திரும்புவேன்? ஐயா போன மூன்று நாளாக இதே தவிப்பு.

சொல்லிவிட்டேன். தலைவர் என்னை என்ன செய்தாலும் சரி. திங்கட்கிழமை அந்தச் செயலி மலை ஏறாது. டார்ச்சும் புண்ணைக் காட்டும் சொட்டு மருந்தும் வைத்து ஒவ்வொரு கண்ணையும் நானே பார்ப்பேன். சந்தேகம் வந்தால் அன்றே ஜீப்பில் ஏற்றி டாக்டரிடம் கொண்டு வருவேன். மீதி ஐந்நூறு படங்களையும் டாக்டர்களை உட்காரவைத்துக் குறித்து முடிப்பேன். ஐயா மீது ஆணை!

கடைசி வரிசையில் மாரி அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். இதெல்லாம் அவருக்கே இப்போதுதான் தெரியும்.

அண்ணா, எழுந்து போய்டாதீங்க. என்னைக் கேக்க வேண்டியத இங்கயே, எல்லார் முன்னாடியும் கேளுங்க.